ஒண்ணாம் வகுப்பு டீச்சரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1986-இல் அறந்தாங்கிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். ஒன்றியத்துக்குள்ளேயே பள்ளி மாறி மாறி, கடைசியில் தலைமை ஆசிரியராகி, 2024-இல் வீட்டுக்கு வந்தேன். கல்யாண வீடு, பஸ் ஸ்டாப், வாட்ஸ்ஆப் என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். உடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு மூன்று பேரிடமும் காட்டினேன், அவர்கள் ஒத்துக்கொள்ளாத இடத்தையும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அப்போதெல்லாம் டீச்சர் வேலை சும்மா கிடைத்ததாமே?

சும்மா எங்கே கிடைத்தது, காத்துக் கிடந்து கிடைத்தது. பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி, அப்புறம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு அந்த அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், பதிவு மூப்புப்படி கூப்பிடுவார்கள். எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. என்னோடு படித்த ஒருத்திக்கு அவள் மகள் பத்தாவது பரீட்சை எழுதும்போதுதான் வந்தது. தகுதித் தேர்வு கிடையாது என்பது உண்மை, அது 2012-இல்தான் முதன்முதலாக நடந்தது.

எங்களுக்கு முன்னால் சேர்ந்தவர்கள், "நீங்கள்லாம் கொடுத்து வச்சவங்க" என்பார்கள். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனதே 1981 ஜூனில்தான். அதற்கு முன்பு எந்தத் தேதியில் சம்பளம் வரும் என்றே தெரியாது என்று பெரிய சார் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எங்கள் கஷ்டம் மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்மாய்க் கரையோடு நடக்கிற நடை. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகினார்களே, அதில் எழுதப் படிக்கக் கற்க வந்தவர்களோடு டீச்சர்மாரும் நாங்கள் சிலர் சேர்ந்து பழகிவிட்டோம். அதோடு நடை தீர்ந்தது.

ஒரே ஆள் ஐந்து வகுப்பையும் எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்?

காகிதத்தில் அது ஈராசிரியர் பள்ளி. ஒருவருக்கு ஒன்றும் இரண்டும் மூன்றும், இன்னொருவருக்கு நாலும் ஐந்தும். ஆனால் அந்த இன்னொருவருக்குப் பயிற்சி இருக்கும், கூட்டம் இருக்கும், ஒன்றிய அலுவலகத்தில் ஏதாவது கணக்கு கொடுக்க வேண்டியிருக்கும், உடம்பு சரியில்லாமலும் போகும். அன்றைக்கெல்லாம் ஐந்து வகுப்பும் நம் தலையில்தான்.

நான் செய்தது இதுதான். ஐந்தாம் வகுப்புக்கு நீளமான கணக்கு நாலைந்து போட்டுவிடுவேன். நாலாம் வகுப்பு வேப்ப மரத்தடியில் வாய்ப்பாடு, சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்ல மற்றவர்கள் சொல்வார்கள். மூன்றாம் வகுப்புக்குப் பார்த்து எழுதுவது. ஒன்றும் இரண்டும் என் காலடியில். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் ஐந்தாம் வகுப்பைத்தான் முதலில் எழுப்பிக் கேள்வி கேட்பார்கள், அதனால் ஐந்தாம் வகுப்புப் பக்கம் உட்காருவதுதான் நமக்குப் பாதுகாப்பு. நான் உட்காரவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அரை நாள் விட்டுவிடலாம், ஒண்ணாம் வகுப்பை அப்படி விட முடியாது.

இதில் நல்லதும் உண்டு. மூன்றாம் வகுப்புப் பாட்டை ஒண்ணாம் வகுப்பு காதில் கேட்டுக்கொண்டே இருக்கும், இரண்டு வருஷம் கழித்து அந்தப் பாடத்துக்கு வரும்போது பாதிப் பேருக்கு மனப்பாடமாகவே இருக்கும். கெட்டது என்னவென்றால், பெண் பிள்ளைகள் இடுப்பில் தம்பியையோ தங்கையையோ தூக்கிக்கொண்டு வருவார்கள். அம்மா களை எடுக்கப் போயிருப்பாள். தம்பியைக் கொண்டு வராதே என்று சொன்னால் அக்காவும் வராது. அதனால் வருகைப் பதிவேட்டில் இல்லாத ஐந்தாறு பேர் எப்போதும் வகுப்பில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

1987-இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் என்று கொண்டுவந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், உபகரணங்கள் என்பது அதன் கணக்கு. எங்களுக்கும் ஒரு பெட்டி வந்தது, உலக உருண்டை வந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று உருண்டையை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். நான் அந்தப் பள்ளியை விட்டு மாறும்வரை அது பீரோவில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க எப்படிச் சொல்லிக் கொடுப்பது? எங்கள் பையனுக்கு எழுத்து தெரிகிறது, சேர்த்துப் படிக்க வரவில்லை.

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அ, ஆ, இ, ஈ என்று தொடங்கி 247 எழுத்தையும் வரிசையாக முடித்துவிட்டு அப்புறம் சொல்லுக்கு வரலாம் என்று நினைத்தால், பிள்ளை நடுவில் எங்கேயோ சலித்துப் போய் ஒப்பிக்க ஆரம்பித்துவிடும். வரிசை தெரியும், நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டினால் தெரியாது. அப்போது அது விரலை 'அ'-வில் வைத்து உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வரும், கவனித்துப் பாருங்கள். நான் ட, ப, ம என்று தொடங்குவேன். நேர்க்கோடாக இருக்கும், கை சுலபமாக வரும், 'அ' போலச் சுழிக்க வேண்டியதில்லை. இந்த மூன்றோடு புள்ளியைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே சொல் வந்துவிடும். தானாக ஒரு சொல்லை வாசித்துவிட்ட பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கு வராமல் இருக்காது.

அடுத்து துணைக்கால், கி, கீ, அப்புறம் கு, கூ. இந்த உகர வரிசைதான் படுத்தும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வடிவம். அவசரப்படாமல் தினமும் இரண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும். கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கெ' என்பதில் பிள்ளை முதலில் கொம்பைப் பார்த்து 'எ' என்று சொல்லிவிட்டு அப்புறம் 'க' என்னும். 'கொ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஏதோ நிற்கிறது, பாவம் திகைத்துவிடும். இந்த இடத்தில் பெரியவர்கள் கத்துகிறார்கள், கத்தினால் இன்னும் தாமதம்தான். நான் கொம்பை விரலால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் முதலில் சொல்லச் சொல்வேன், அப்புறம் விரலை எடுப்பேன். சில வாரத்தில் பிடிபட்டுவிடும்.

உங்கள் பையனுக்கு எழுத்து தெரிந்து சேர்த்துப் படிக்க வரவில்லை என்றால், பெரும்பாலும் மெய்யெழுத்தில்தான் தட்டுகிறது. 'பட்டம்' என்பதை ப, ட், ட, ம் என்று நான்காகச் சொல்லும். பட் - டம் என்று கைதட்டி இரண்டாகச் சொல்ல வையுங்கள். ர, ற வித்தியாசம், மூன்று ன எல்லாம் இப்போது வேண்டாம், இரண்டாம் வகுப்பில் சொல்வதெழுதுதல் போடும்போது பார்த்துக்கொள்ளலாம். தினம் பத்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது எதற்கும் உதவாது.

கைபேசியில் சொல்லித் தரும் செயலிகள் எப்படி என்று கேட்கிறார்கள். பார்த்தேன், பரவாயில்லை. ஆனால் பிள்ளை தப்பாகச் சொன்னதைக் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும்.

செயல்வழிக் கற்றல் உண்மையில் நல்லதா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் ஆசிரியர் அறையில் இன்றைக்கும் சண்டை வரும். விவரம் தெரியாதவர்களுக்கு: ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியினர் வைத்திருந்த முறையைப் பார்த்து 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. புத்தகம் பின்னால் போய் அட்டைகள் முன்னால் வந்தன. சுவரில் கற்றல் ஏணி, ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சின்னம், பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறோமோ அந்த அட்டையைத் தானே எடுத்து வந்து பாயில் உட்கார வேண்டும். பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்தது எழுதியது எல்லாம் தொங்கும். வருகையைக்கூட அவர்களே பதிந்துகொள்வார்கள். நாற்காலியை ஓரமாகப் போட்டுவிட்டு டீச்சரும் தரையில்.

தரையில் உட்காருவதுதான் முதலில் பிரச்சினையானது. ஐம்பது வயதுக்கு மேல் மூட்டுவலியோடு பாயில் உட்கார்ந்து எழுவது சாதாரண விஷயமா? ஆனால் உட்கார்ந்த பிறகு ஒன்று தெரிந்தது: நின்றுகொண்டு நடத்தும்போது பின்வரிசையில் வாயை மட்டும் அசைக்கிற பிள்ளை நம் கண்ணில் படாது. பாயில் அது தப்பிக்க முடியாது. பல வகுப்புகளை ஒரே ஆள் வைத்திருக்கும் பள்ளிக்கு இந்த முறை நிஜமாகவே பொருத்தம். பத்து நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளை திரும்பி வந்து, விட்ட அட்டையிலிருந்தே தொடங்கலாம்.

குறை இல்லையா என்றால் இருந்தது. அட்டை கிழியும், தொலையும், புதிது வராது. கெட்டிக்காரப் பிள்ளை ஏணியில் ஓடிவிடும், மெதுவான பிள்ளை ஒரே சின்னத்தில் மாசக்கணக்கில் நிற்கும், நாமும் அட்டை தன் வேலையைச் செய்யும் என்று இருந்துவிடுவோம். எங்கள் கூட்டத்தில் ஒரு சார் இன்றைக்கும் "அட்டை வந்துதான் வாய்ப்பாடு போச்சு" என்கிறார். நான் ஒத்துக்கொள்வதில்லை, வாய்ப்பாடு சொல்ல வைக்காதே என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்கவில்லை. பிறகு வருஷப் புத்தகத்தை மூன்றாகப் பிரித்த முப்பருவ முறை, அதற்கப்புறம் புதுப் புத்தகம், 2022-இல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்து, கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தோம். பெயர் மாறியதே தவிர, பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கு என்பது மாறவில்லை.

சத்துணவுக்காகத்தான் பிள்ளைகள் வந்தார்களா?

ஆமாம். அதில் என்ன வெட்கம்? எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கினார், நான் சேர்ந்தபோது அது ஊன்றிவிட்டிருந்தது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தது, 2010-இல் பள்ளி நடக்கும் வாரத்தின் ஐந்து நாளும் முட்டை. முட்டை நாளில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். சாப்பிட வந்த பிள்ளை சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அங்கேதானே இருக்கும், அந்த நேரத்தில் பிடித்து நாலு எழுத்து சொல்லிக் கொடுத்தால் போயிற்று.

காலை உணவைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்தபோது எங்களுக்கும் வந்தது. என் கடைசி வருஷம் அது. அதற்கு முன்பு காலை பதினொரு மணிக்கு ஒண்ணாம் வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள் சிலேட்டின் மேலேயே தலையைச் சாய்த்துவிடும். கேட்டால் "டீ குடிச்சேன் டீச்சர்" என்று பதில் வரும். அந்தத் தலைசாய்ப்பு நின்றுபோனதை நானே பார்த்தேன். இதை இருபது வருஷம் முன்பே செய்திருக்கலாம்.

பிரம்பு இல்லாமல் வகுப்பு நடக்குமா?

நடக்கும். "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொல்லித்தான் அந்தக் காலத்தில் பள்ளியில் விட்டுப் போவார்கள், அப்படிச் சொல்வது மரியாதை என்று நினைத்தார்கள். 2003-இல் தமிழ்நாட்டில் விதியைத் திருத்தி உடல் தண்டனையைத் தடை செய்தார்கள், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. "பிரம்பு போனதிலிருந்து பயம் போச்சு" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் மேல் வகுப்பு ஆசிரியர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பயம் வந்தால் முதலில் போவது வாசிப்பு. தெரிந்த எழுத்தும் மறந்துவிடும். சத்தம் அதிகமானால் நான் குரலைத் தாழ்த்திக் கதை சொல்ல ஆரம்பிப்பேன். முன்வரிசை அடங்கும், அப்புறம் பின்வரிசை "என்னடா சொல்றாங்க" என்று அடங்கும்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் பிறந்த மாதம் மே, ஜூன் என்றே இருக்கிறதே, நீங்கள் போட்டதா?

எங்களைப் போன்றவர்கள் போட்டதுதான். பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருந்தது? "கண்மாய் உடைஞ்ச வருஷம், ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள்" என்பார்கள். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வோம், தொட்டுவிட்டால் ஐந்து வயது. ஒண்ணாம் வகுப்பில் சேர ஐந்து முடிந்திருக்க வேண்டுமே, அதற்குத் தோதாக ஒரு தேதி. அந்தத் தேதியில்தான் இன்றைக்கு எத்தனையோ பேருக்கு ஆதார், பாஸ்போர்ட், ஓய்வு நாள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்து சொல்லுங்கள், ஜாதகம் மட்டும் அதை வைத்துக் கணிக்காதீர்கள்.

உங்கள் பிள்ளைகளை எங்கே படிக்க வைத்தீர்கள்?

ஐந்தாம் வகுப்பு வரை என் பள்ளியில், அப்புறம் பக்கத்து ஊர் அரசு உதவி பெறும் பள்ளியில். கொள்கை என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன், என்னோடு சைக்கிளில் கூட்டிப் போவது வசதியாக இருந்தது. என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஊரார் அதைக் கவனிக்காமல் இல்லை. மஞ்சள் வேன் ஊருக்குள் வர ஆரம்பித்த பிறகு எங்கள் சேர்க்கை சரிந்தது. எண்ணிக்கை குறைந்தால் பணி நிரவல் என்று ஓர் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள், ஒரே டீச்சர்தானாம் என்று இன்னும் நாலு பிள்ளைகள் வேன் ஏறும்.

2003 போராட்டத்தில் இருந்தீர்களா?

இருந்தேன். அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் என்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக வேலைநீக்கம் செய்தார்கள், பிறகு உச்ச நீதிமன்றம் வரை போய் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். வீட்டில் இரண்டு சம்பளமும் ஆசிரியர் சம்பளமாக இருந்தவர்கள் பட்ட பாடு தனி. ஊரில் சிலர் கேலி செய்தார்கள், மளிகைக் கடைக்காரர் மட்டும் கணக்கு நோட்டைக் காட்டாமலே சாமான் கொடுத்தார்.

கொரோனாவுக்குப் பிறகு என்ன மாறியது?

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளி 2021 நவம்பரில்தான் திறந்தது. மூன்றாம் வகுப்பு என்று வந்து நின்ற பிள்ளைகள் அதற்கு முன்பு ஒண்ணாம் வகுப்பில் முழு வருஷம்கூட உட்கார்ந்திருக்கவில்லை. உடம்பு மூன்றாம் வகுப்பு, கை ஒண்ணாம் வகுப்பு. பென்சிலை முஷ்டியில் பிடித்தார்கள், வரிசையில் நிற்கத் தெரியவில்லை, கேள்வி கேட்டால் எழுந்து நிற்காமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஓய்வு வயதை 58-இலிருந்து 59, அப்புறம் 60 என்று உயர்த்தியதால் எனக்கு அவர்களோடு இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைத்தது. நான் ட, ப, ம-வையே அவர்களுக்கும் எடுத்தேன், பெரிய பிள்ளைகள் என்று கூச்சப்பட்டார்கள், தனியாகக் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

பழைய மாணவர்கள் வந்து பார்க்கிறார்களா?

வருவார்கள், ஆனால் ஐந்தாம் வகுப்பு சாரைத் தேடி வருவார்கள். ஒண்ணாம் வகுப்பு டீச்சரை யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. வாசிக்கக் கற்றுக்கொண்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பிறக்கும்போதே தெரிந்திருந்தது போலத்தானே இருக்கும். வங்கியில் ஒரு தம்பி என் பாஸ்புக்கில் பதிந்து கொடுத்தான், நான் அ போட வைத்த பையன், "அடுத்து யாரும்மா" என்று பின்னால் பார்த்துவிட்டான். நான் சொல்லவுமில்லை. கையெழுத்து இன்னும் கோணல்தான்.

நல்லாசிரியர் விருது வாங்கினீர்களா?

அதற்கு விண்ணப்பக் கோப்பு தயார் செய்ய வேண்டும், புகைப்படங்கள் ஒட்ட வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. வாங்கியவர்களில் நிஜமாகவே தகுதியானவர்களை எனக்குத் தெரியும்.

இருபது வருஷம் பாடம் நடத்தியவரும் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத வேண்டுமா?

உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று சொன்ன தீர்ப்பில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும், ஐந்துக்கும் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமானால் தேர்ச்சி வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. வேலைக்கு எடுத்தபோது சொல்லாத நிபந்தனை. ஆனால் கோபப்பட்டுக்கொண்டு படிக்காமல் இருக்காதீர்கள். முதல் தாளில் 150 கேள்வி: குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், தலா 30. கணிதமும் சூழ்நிலையியலும் தமிழும் தினமும் நடத்துவதுதான். குழந்தை மேம்பாட்டுக்கு மட்டும் தனியாக உட்காருங்கள், அந்தப் பகுதியில்தான் அனுபவசாலிகள் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் எதைச் செய்வீர்கள்?

ஒண்ணாம் வகுப்புக்கு ஒரு டீச்சரைப் போட்டு, ஜூன் முதல் ஏப்ரல் வரை அவரை அந்த அறையை விட்டு யாரும் கூப்பிடாமல் இருப்பது. அவ்வளவுதான். வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, பயிற்சி, விலையில்லாப் பொருள் வாங்கப் போவது எதற்கும் அவரை எடுக்கக் கூடாது. முன்பு பதிவேடு நிறைய இருந்தது, பள்ளி விட்ட பிறகு எழுதிக்கொள்ளலாம். இப்போது எல்லாம் கல்வித் துறையின் எமிஸ் செயலியில், காலையிலேயே வருகை ஏற வேண்டும், எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில். நான் படியில் நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன், கீழே ஒரு பிள்ளை 'மரம்' என்று எழுதிய சிலேட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கும். நான் இறங்கி வருவதற்குள் அது அழித்துவிட்டு விளையாடப் போயிருக்கும். திட்டங்களைப் பற்றி எத்தனையோ விவாதம் நடக்கிறது, எந்தத் திட்டமாக இருந்தாலும் அந்தச் சிலேட்டைப் பார்க்க ஓர் ஆள் அங்கே இருந்தால் ஓடிவிடும் என்பது என் கட்சி.

ஓய்வு பெறப் போகிறேன், என்ன தயார் செய்ய வேண்டும்?

கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வந்தால் ஆண்டு முடியும் வரை மறுநியமனம் உண்டு, எனக்கும் அப்படித்தான், அதற்கு விருப்பக் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மற்றபடி எல்லாமே பணிப்பதிவேட்டில்தான் இருக்கிறது. பணிக்காலத்துக்கேற்பச் சம்பளம் உயரும் தேர்வுநிலை, சிறப்புநிலை உத்தரவு பதிந்திருக்கிறதா, மகப்பேறு விடுப்பு சரியாக ஏறியிருக்கிறதா, சேமநல நிதியில் விட்டுப்போன மாதம் உண்டா என்று இரண்டு வருஷம் முன்பே பாருங்கள். என் சிநேகிதி ஒருத்திக்கு 1994-இல் ஒரு மாத விடுப்பு பதியாமல் போனது, ஓய்வுக்குப் பிறகு அதற்காக ஆறேழு முறை அலைந்தாள், அந்தக் காலத்து எழுத்தர் எல்லாம் எங்கே இருக்கிறார்களோ. நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள், கல்யாணத்துக்கு முன்பு போட்ட அப்பா பெயர் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக நகல் எடுத்து வீட்டில் வையுங்கள், அலுவலகத்தில் இருக்கிறதே என்று விடாதீர்கள்.